வாதத்தை வலுவிழக்கச் செய்வது எப்படி?
பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோர்களுக்கும் ஒரு பாடம்



நம்மவர்களின் பிள்ளைகள் இக்காலத்தில் கல்லூரிப் பட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. வியாபார நிர்வாகத்தில் உயர் பட்டம் பெற நாடுவோர் ஜிமேட் என்னும் பரீட்சைக்கு அமர்கின்றனர். அமெரிக்காவில் சட்டம் பயில நாடுவோர் எல்சாட் என்னும் பரீட்சைக்கு அமர்கின்றனர். முன்னதில் 'கிரிட்டிக்கல் ரீசனிங்' என்றும், பின்னதில் 'லாஜிக்கல் ரீசனிங்' என்றும் பெயர் பெற்ற வாத ஆராய்ச்சி வினாக்கள் உண்டு. ஜிமேட்டின் இப்போதைய வடிவம் 2023 நவம்பரில் வந்தது. அதன் மொழிப் பகுதியில் 45 நிமிடத்தில் 23 வினாக்களுக்கு விடை காண வேண்டும்; வாசித்தறிதலும் வாத ஆராய்ச்சியுமே அப்பகுதி. எல்சாட்டில் 2024 ஆகஸ்டு முதல், மதிப்பெண் தரும் மூன்று பகுதிகளில் இரண்டு வாத ஆராய்ச்சியாகவே அமைந்துள்ளன. ஆகவே இவ்வினாக்களில் தடுமாறும் மாணாக்கர், பரீட்சையின் பெரும் பங்கில் தடுமாறுகிறார் என்பது சொல்லாமலே விளங்கும்.

இவற்றுள் அடிக்கடி வரும் ஒரு வகை, 'வாதத்தை வலுவிழக்கச் செய்யும் கூற்று எது?' என்பதாகும். நம்மில் பலர் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டுகிறோம்; தனிப்பயிற்சிக்கும் பணம் கொடுக்கிறோம்; பிறகு, 'இஃது ஆங்கிலம் படித்தவர்கள் காரியம், நமக்கு இதில் வேலை இல்லை' என்று ஒதுங்கிவிடுகிறோம். பிள்ளையும் தனியே புத்தகத்தோடு போராடுகிறது. இவ்வாறு ஒதுங்கத் தேவையில்லை என்பதே நமது அபிப்பிராயம். நாமும் மதரஸாவும் தொடக்கப் பள்ளியும் மட்டுமே கண்டு, கடையில் அமர்ந்தவர்கள்தாம். ஆயினும் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களை அவர்களைக்கொண்டே தமிழில் சொல்லச் செய்து கேட்கும்போது ஒன்று தெளிவாகிறது. சரக்கு விற்க வருபவரிடமும் கடன் கேட்டு வருபவரிடமும் வியாபாரி நாள்தோறும் கேட்கும் கேள்விதான் பரீட்சையிலும் வருகிறது. அதை ஒழுங்குபடுத்திக் கற்றுக்கொள்வது ஒன்றே பாக்கி.

1. வாதத்தின் மூன்று உறுப்புகள்

வாதம் என்றால் சச்சரவு என்று பொருள் கொள்ளலாகாது. ஒரு செய்தியைக் காட்டி, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருவதே வாதம். காட்டும் செய்தி ஆதாரம் எனப்படும். வந்து சேருமிடம் முடிவு எனப்படும். இவ்விரண்டுக்கும் நடுவே வாயால் சொல்லப்படாமல் நிற்கும் ஒன்று உண்டு. அதனை ஊகம் என்போம்.

ஓர் எளிய உதாரணம் காண்போம். மளிகைக் கடைக்காரர் ஒருவர் சொல்கிறார்: 'கடைப் பெயர்ப்பலகையைப் புதிதாக்கினோம். மறு மாதம் வியாபாரம் கூடிற்று. ஆகவே பெயர்ப்பலகைதான் வியாபாரத்தைக் கூட்டியது.'

பலகையை மாற்றியதும், மறு மாதம் வியாபாரம் கூடியதும் ஆதாரம். பலகையே அதற்குக் காரணம் என்பது முடிவு. 'வியாபாரத்தைக் கூட்டக்கூடிய வேறொன்றும் அவ்வேளையில் நடக்கவில்லை' என்பது அவர் சொல்லாமல் வைத்திருக்கும் ஊகம். ஆற்றைக் கடக்கப் போட்ட பலகையைப் போல, ஆதாரத்தையும் முடிவையும் இந்த ஊகமே இணைக்கிறது. அதே மாதத்தில் கடைக்கு நேரே புதிய பேருந்து நிறுத்தம் வந்தது என்று தெரிந்தால் எப்படி? பலகை மாற்றியதும் பொய்யாகவில்லை. வியாபாரம் கூடியதும் பொய்யாகவில்லை. ஆனால் நடுவிலிருந்த ஊகம் ஆட்டம் கண்டுவிட்டது; முடிவின் மேல் நமக்கிருந்த நம்பிக்கை குறைந்துவிட்டது. வாதத்தை வலுவிழக்கச் செய்தல் என்பது இதுவே.

முடிவு எது என்று கண்டறிவதே முதல் வேலை. தமிழில் 'ஆகவே', 'எனவே', 'ஆதலின்' என்று வருவதைப் போல ஆங்கிலத்தில் 'தேர்ஃபோர்', 'தஸ்', 'ஹென்ஸ்' முதலிய சொற்கள் முடிவுக்கு முன்னே வரும். ஆனால் எப்போதும் இவை வருமென்று எண்ணக் கூடாது. சில வாதங்களில் முடிவு முதல் வாக்கியத்திலேயே அமர்ந்திருக்கும். அப்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் நோக்கி 'ஏன்?' என்று கேட்க வேண்டும். எந்த வாக்கியத்துக்கு மற்ற வாக்கியங்கள் பதிலாக நிற்கின்றனவோ, அதுவே முடிவு.

2. வலுவிழக்கச் செய்தல் வேறு, பொய்யாக்குதல் வேறு

மாணாக்கர் பலர் இடறி விழும் இடம் இது. முடிவை முற்றிலும் பொய்யென்று நிரூபிக்கும் விடையைத் தேடுகின்றனர். அப்படி ஒன்று கிடைக்காதபோது திகைத்துப் போகின்றனர். தராசின் ஒரு தட்டில் ஆதாரம் இருக்கிறது. எதிர்த் தட்டில் ஓர் எடையை வைத்தால் போதும். தராசு முழுவதும் சாய்ந்துவிட வேண்டும் என்பதில்லை. ஐந்து கூற்றுகளில் எது அதிக எடையுள்ளதோ, அதுவே விடை.

வினாவின் சொற்களையும் கவனித்தல் வேண்டும். 'பின்வருவனவற்றுள் எது, உண்மையானால், மேற்கண்ட வாதத்தை மிகுதியாக வலுவிழக்கச் செய்யும்?' என்றே வினா பெரும்பாலும் அமையும். 'வீக்கன்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'அண்டர்மைன்' என்றோ, 'ஐயத்தை எழுப்பும்' என்ற பொருளில் வேறு சொற்களோ வரலாம். இவற்றில் 'உண்மையானால்' என்பது சிறிய சொல், ஆனால் பெரிய கட்டளை. ஐந்து கூற்றுகளும் உண்மையே என்று ஒப்புக்கொண்டு நாம் தொடங்க வேண்டும். 'இப்படியும் நடக்குமா?' என்று கூற்றோடு வழக்காடுவது நம் வேலை அன்று.

அவ்வாறே கொடுக்கப்பட்ட ஆதாரத்தையும் பொய்யென்று சொல்ல நமக்கு இடமில்லை. மதரஸாவில் முனாழரா என்னும் வாத ஒழுங்கை ஓதியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கேள்வி கேட்பவருக்கு அங்கே மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. ஒரு முகத்திமாவின்மேல் நின்று, 'இதற்கு அத்தாட்சி என்ன?' என்று தடுப்பது மன்உ. 'இதே அத்தாட்சியை ஏற்றால் வேறோரிடத்தில் தவறான முடிவுக்கும் போக நேரிடுமே' என்று காட்டுவது நக்ளு. எதிர் முடிவுக்குத் தனி அத்தாட்சியைக் கொண்டுவந்து நிறுத்துவது முஆரளா. பரீட்சையில் எழுதப்பட்ட முகத்திமாவைத் தடுக்க இடமில்லை. எழுதப்படாத முகத்திமாவை, அதாவது ஊகத்தைத் தடுப்பதே அங்குப் பெரும்பாலும் நம் வேலை. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வினா விடையளிக்கப்பட்டதாகும்.

3. ஒரு முழு வினாவும் அதன் ஆராய்ச்சியும்

இனி ஐந்து கூற்றுகளோடு கூடிய முழு வினா ஒன்றைக் காண்போம்.

மொத்த வியாபாரி ஒருவர் கூறுகிறார்: 'சென்ற ஆண்டு எங்கள் கிடங்கில் 100 அரிசி மூட்டைக்கு 10 மூட்டை வீதம் வண்டு பிடித்துக் கெட்டது. இவ்வாண்டின் தொடக்கத்தில் சணல் சாக்கை விட்டுப் புதுவகைச் சாக்குக்கு மாறினோம். இவ்வாண்டு 100 மூட்டைக்கு 3 மூட்டைதான் கெட்டது. ஆகவே புதுவகைச் சாக்கே சேதத்தைக் குறைத்தது.'

இவ்வாதத்தை மிகுதியாக வலுவிழக்கச் செய்வது எது?

(அ) புதுவகைச் சாக்கின் விலை சணல் சாக்கின் விலையைவிட அதிகம்.
(ஆ) சென்ற ஆண்டு அரிசி கிடங்கில் சராசரி 3 மாதம் கிடந்தது. இவ்வாண்டு வந்த 3 வாரத்துக்குள் விற்றுப் போயிற்று.
(இ) புதுவகைச் சாக்குக்கு மாறிய வேறொரு வியாபாரியின் கிடங்கிலும் சேதம் குறைந்தது.
(ஈ) புதுவகைச் சாக்கிலிருந்த சில மூட்டைகளிலும் வண்டு காணப்பட்டது.
(உ) சில சில்லறைக் கடைக்காரர்கள் சணல் சாக்கையே விரும்பிக் கேட்கின்றனர்.

முடிவு: சேதம் குறைந்ததற்குக் காரணம் சாக்கு. ஊகம்: சேதத்தைக் குறைக்கக்கூடிய வேறு மாறுதல் எதுவும் இல்லை.

(அ) விலையைப் பற்றியது. முடிவோ சேதத்தின் காரணத்தைப் பற்றியது. சாக்கு விலை கூடியது என்பதால் அது வண்டைத் தடுக்கவில்லை என்று ஆகாது. தள்ளுக.

(இ) வாதத்துக்குத் துணை நிற்கிறது. நாம் தேடுவது இதற்கு நேர் எதிரானது. தள்ளுக.

(ஈ) புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. 100க்கு 3 கெட்டது என்று வியாபாரியே சொல்லிவிட்டார். அவர் 'சேதம் ஒழிந்தது' என்று சொல்லவில்லை. 'குறைந்தது' என்றே சொன்னார். தள்ளுக.

(உ) பிறருடைய விருப்பம். வண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தள்ளுக.

எஞ்சியது (ஆ). 3 மாதம் கிடந்த அரிசியில் வண்டு பெருகும். 3 வாரத்தில் போய்விட்ட அரிசியில் பெருக நேரமில்லை. சாக்கு மாறாதிருந்தாலும் சேதம் குறைந்திருக்கக்கூடும். ஊகம் ஆடிவிட்டது. விடை (ஆ). சாக்கினால் பயனே இல்லை என்று இக்கூற்று நிரூபிக்கவில்லை என்பதையும் கவனிக்க. சாக்குதான் காரணம் என்ற உறுதியை மட்டுமே அது குறைத்தது. அதுவே போதும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதே வியாபாரி, 'ஆகவே புதுவகைச் சாக்குக்கு மாறியதால் எங்களுக்கு லாபம் கூடியது' என்று முடித்திருப்பாரானால், நாம் தள்ளிய (அ)வுக்கும் உயிர் வந்துவிடும்; சாக்கின் கூடுதல் விலை லாபத்தைத் தின்றிருக்கலாம் அல்லவா? ஆதாரம் ஒன்றே, முடிவின் ஒரு சொல் மாறியதும் விடையின் கணக்கும் மாறுகிறது. ஆகவேதான் முடிவைச் சொல்லுக்குச் சொல் வாசிக்க வேண்டும் என்கிறோம். உடன்படிக்கையில் கையெழுத்திடுமுன் ஒவ்வொரு சொல்லையும் பார்ப்பவர்கள், தம் பிள்ளைகளுக்கும் இப்பழக்கத்தை ஊட்டலாம்.

4. ஊகம் ஒளிந்திருக்கும் இடங்கள்

வாதங்கள் ஆயிரம் விதமாக இருந்தாலும், ஊகம் ஒளியும் இடங்கள் சிலவே. அவற்றைத் தெரிந்துவைத்தால் தேடுவது எளிது.

முதலாவது, காரணம். 'இது நடந்தது, பின்னர் அது நடந்தது. ஆகவே இதனால் அது' என்னும் வாதம். இதனை மூன்று விதமாகத் தளர்த்தலாம்: வேறு காரணத்தைக் காட்டுவது, காரணம் தலைகீழானது என்று காட்டுவது, அக்காரணம் இல்லாத இடத்திலும் அதே விளைவு உண்டு என்று காட்டுவது. பெயர்ப்பலகையும் அரிசிச் சாக்கும் முதல் விதம். இரண்டாவது விதத்துக்கு உதாரணம்: 'பத்திரிகையில் பெரிதாக விளம்பரம் செய்யும் கடைகளெல்லாம் பெரிய கடைகள், ஆகவே விளம்பரமே கடையைப் பெரிதாக்குகிறது.' பெரிய கடையாக ஆனபின்பே அவர்கள் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள் என்று தெரிந்தால், காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன.

இரண்டாவது, மாதிரி. ஒரு பிடி அரிசியைப் பார்த்து மூட்டையின் தரத்தைச் சொல்கிறோம். அந்தப் பிடி மூட்டையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்ததா, மேற்பரப்பிலிருந்து மட்டும் எடுத்ததா என்பதே கேள்வி. 1936இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு அட்டை அனுப்பி, யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. லாண்டன் என்பவரே வெல்வார் என்று பத்திரிகை எழுதிற்று. தேர்தலில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அக்காலத்தில் அவ்விரண்டும் வசதி படைத்தோரிடமே மிகுதி. மேலும் அட்டை பெற்றவர்களில் மிகப் பலர் பதில் அனுப்பவில்லை. எண்ணிக்கை எவ்வளவு பெரிதாயினும், மேற்பரப்பில் அள்ளிய அரிசி மேற்பரப்பின் கதையைத்தான் சொல்லும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாமல் போனவர்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஆபிரகாம் வால்ட் என்னும் கணித அறிஞர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியல் குழுவில் இருந்தார். போரிலிருந்து திரும்பிவந்த விமானங்களில் எங்கெங்கே குண்டு துளைத்தது என்ற கணக்கிலிருந்து, எந்தப் பாகம் ஆபத்துக்குரியது என்று அறியும் முறையை அவர் 1943இல் எழுதினார். துளை மிகுந்த பாகத்துக்கே கவசம் தேவை என்று முதற்பார்வையில் யாருக்கும் தோன்றும். ஆனால் அவை திரும்பிவந்த விமானங்கள் அல்லவா? அவ்விடங்களில் அடிபட்டும் அவை பறந்துவந்தன. எந்தப் பாகத்தில் அடிபட்டவை திரும்பவே இல்லையோ, அந்தப் பாகமே பலவீனமானது. துளை குறைவாகக் காணப்படும் இடமே அஞ்சத்தக்க இடம். இவ்வறிஞர் 1950 டிசம்பரில் இந்தியாவில் பயணம் செய்தபோது, நம் தமிழ்நாட்டு நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் மரணமடைந்தார்.

இந்தப் பாடம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. சீக்கிரத்தில் பணக்காரராகலாம் என்று ஆசை காட்டும் முதலீட்டுத் திட்டக்காரர்கள் மேடையேற்றுவது யாரை? லாபம் வாங்கியவரை. 'இதோ, இவர் போட்டது இவ்வளவு, எடுத்தது இவ்வளவு' என்று காட்டுகின்றனர். காட்டுவது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். போட்ட பணம் திரும்பாதவர்கள் அம்மேடையில் இல்லை. அவர்கள் திரும்பாத விமானங்கள். பல ஆண்டுச் சேமிப்பை ஒரே நாளில் எழுதிக் கொடுக்குமுன், 'இங்கே வராதவர்கள் எத்தனை பேர்?' என்று ஒரு கேள்வி கேட்கத் தெரிந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பியிருக்கும்.

நான்காவது, தொகையும் விகிதமும். 'இரண்டாவது கிளையில் வராக்கடன் முதல் கிளையைப்போல் இரு மடங்கு. ஆகவே இரண்டாவது கிளை நிர்வாகி கடன் வசூலில் மோசமானவர்' என்று ஒரு முதலாளி சொல்கிறார். இரண்டாவது கிளையின் கடன் வியாபாரம் நான்கு மடங்கு என்று பேரேடு சொல்லுமானால், அந்த நிர்வாகியே கெட்டிக்காரர். 1973இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இத்தகைய சிக்கல் ஒன்று எழுந்தது. உயர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 விழுக்காட்டினருக்கும், பெண்களில் சுமார் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. பெண்களை வேண்டுமென்றே ஒதுக்கினர் என்ற முடிவுக்கே இது கொண்டுபோகும். ஆனால் துறை துறையாகப் பிரித்துப் பார்த்து அறிஞர்கள் 1975இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெரும்பாலான துறைகளில் அப்படிப்பட்ட ஒதுக்கல் காணப்படவில்லை. யாருக்கும் இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்கே பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தனர். மொத்தக் கணக்கு ஒன்று சொல்ல, கிளைக் கணக்கு வேறொன்று சொல்வதும் உண்டு.

ஐந்தாவது, திட்டம். 'இதைச் செய்தால் இப்பலன் கிடைக்கும்' என்னும் வாதம். 'தேநீர்க் கடையை இரவு 11 மணிக்கு மூடாமல் 2 மணி வரை திறந்துவைத்தால் வருமானம் பெருகும்' என்று ஒருவர் சொன்னால், 'நள்ளிரவுக்குப் பின் வரக்கூடியவர்கள், கடை முன்னேரத்தில் மூடினால் 10 மணிக்கே வந்து குடித்துப் போகிறவர்கள்தாம்' என்பது அத்திட்டத்தைத் தளர்த்தும். ஆட்கள் கூடவில்லை, நேரம்தான் மாறியது.

ஆறாவது, ஒப்புமை. 'பினாங்கில் ஓடிய உணவுக்கடை ஈப்போவிலும் ஓடும்' என்பது போன்றவை. வியாபாரத்துக்கு முக்கியமான ஓர் அம்சத்தில் இரண்டு இடங்களும் வேறுபடுகின்றன என்று காட்டினால் வாதம் தளரும். முக்கியமில்லாத வேறுபாட்டைக் காட்டுவது பயன் தராது.

5. ஏமாற்றும் விடைகள்

வினா எழுதுவோர் கெட்டிக்காரர்கள். தவறான விடைகளையும் சரியானவை போல அலங்கரித்து வைப்பர். பெரும்பாலும் அவை நான்கு வகைப்படும்.

ஒன்று, எதிர்ப்பக்க விடை. வாதத்தைத் தளர்த்துவதற்குப் பதிலாகப் பலப்படுத்தும். அவசரத்தில் வாசிப்பவர் இதைத் தேர்ந்துவிடுவார். விஷயம் பொருத்தமாகவே இருக்கும், திசை மட்டும் மாறியிருக்கும்.

இரண்டு, எல்லைக்கு வெளியேயுள்ள விடை. சாக்கின் விலையைப்போல, நல்ல செய்தியாயினும் முடிவைத் தொடாதது.

மூன்று, தெரிந்ததையே திரும்பச் சொல்லும் விடை. வாதம் செய்தவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை எதிர்ப்புப்போலக் காட்டுவது.

நான்கு, எடை குறைந்த விடை. 'சிலர்', 'சில வேளை' என்னும் சொற்கள் வந்தால் நிதானிக்க. 'பெரும்பாலான வாடிக்கையாளர்' என்ற முடிவை 'சில வாடிக்கையாளர் அப்படியல்ல' என்பது அசைக்காது. ஆனால் 'எல்லோரும்' என்ற முடிவானால் ஒருவர் மாறுபட்டாலே அது விழுந்துவிடும். ஆகையால் எடையை எப்போதும் முடிவோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்னொரு தப்பெண்ணமும் உண்டு. 'ஒருபோதும்', 'அனைத்தும்' என்று அழுத்தமாகப் பேசும் கூற்று தவறாகத்தான் இருக்கும் என்று சில மாணாக்கர் எண்ணுகின்றனர். வேறு வகை வினாக்களுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தலாம். இவ்வகையில் கூற்றுகளை உண்மையென்று நாமே ஒப்புக்கொண்டு தொடங்குவதால், அழுத்தமான கூற்றுக்கு எடை கூடுமே தவிரக் குறையாது.

6. பரீட்சை மண்டபத்தில் செய்ய வேண்டியவை

ஜிமேட்டில் ஒரு வினாவுக்குச் சராசரி 2 நிமிடமும் முழுதாகக் கிடைக்காது. ஆகவே முறை வேண்டும்.

முதலில் வினாவை வாசித்து, கேட்பது தளர்த்தவா, பலப்படுத்தவா என்று அறிக. பிறகு பத்தியை ஒரு முறை நிதானமாக வாசிக்க. முடிவைக் கண்டு, அதனை ஒரே வாக்கியமாக மனத்துள் சொல்லிக்கொள்க. 'ஆதாரம் உண்மையாயிருந்தும் இம்முடிவு தவறாகப் போவது எப்படி?' என்று கேட்டு, ஒரு வழியேனும் எண்ணிப் பார்க்க. அதன் பின்னரே கூற்றுகளுக்குப் போக வேண்டும். எண்ணியது அப்படியே அங்கே இல்லாமலிருக்கலாம். ஆனால் எண்ணிப் பார்த்த மனம் ஏமாறுவது குறைவு. சம்பந்தமில்லாதவற்றை அடித்துவிட்டால் பெரும்பாலும் இரண்டு எஞ்சும். அவ்விரண்டில் ஒவ்வொன்றையும் கேட்க: 'இஃது உண்மையென்று இப்போதுதான் தெரிந்தால், நாம் இம்முடிவை நம்பிப் பணம் போடத் தயங்குவோமா?' எது அதிகம் தயங்க வைக்கிறதோ, அதுவே விடை.

எல்சாட் எழுதுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. 'எக்ஸெப்ட்' என்ற சொல் வினாவில் பெரிய எழுத்தில் வருமானால், நான்கு கூற்றுகள் வாதத்தைத் தளர்த்தும். தளர்த்தாத ஒன்றே விடை. அந்த ஒன்று வாதத்தைப் பலப்படுத்த வேண்டும் என்பதில்லை. சம்பந்தமில்லாமல் இருந்தாலும் போதும்.

7. பெற்றோர் செய்யக்கூடியது

இரவில் கடை மூடியபின் பத்து நிமிடம் போதும். அன்று பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரத்தையோ, சரக்கு விற்க வந்தவர் சொன்ன காரணத்தையோ பிள்ளையிடம் தமிழிலேயே சொல்லி, 'இதில் முடிவு எது? சொல்லாமல் விட்டது எது? எது தெரிந்தால் நீ நம்பமாட்டாய்?' என்று மூன்று கேள்வி கேட்கலாம். சில வாரத்தில் பிள்ளைக்கு இது பழக்கமாகிவிடும். ஆங்கிலச் சொற்களைப் புத்தகம் கற்றுக்கொடுக்கும். கேட்கும் பழக்கத்தை வீடுதான் கற்றுக்கொடுக்க முடியும்.

ஒன்றை மட்டும் அவர்களுக்கு வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பிறர் வாதத்தைத் தளர்த்தக் கற்றவர், சபையில் எதிரியை மடக்குவதற்கு அதைப் பயன்படுத்தலாகாது. வாதத்தின் நோக்கம் உண்மை வெளிப்படுவதே என்று நம் ஆலிம்கள் போதித்துள்ளனர். இந்தக் கல்வியை முதலில் தம் சொந்த முடிவுகளின்மேல் செலுத்துபவரே அதன் பயனை அடைவார். இரண்டாவது கடைக்கு வாடகை ஒப்பந்தம் எழுதுமுன், ஒரு தாளில் காரணங்களை ஒரு பக்கம் எழுதி, 'எது உண்மையானால் இது தவறாகப் போகும்?' என்று மறுபக்கம் எழுதிப் பார்க்கட்டும். மறுபக்கம் எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றால், முடிவு பலமானது என்று பொருளாகாது. இன்னும் போதிய அளவு கேட்கவில்லை என்றே பொருள்.

8. பயிற்சி

வினா 1. உணவுக்கடைக்காரர் ஒருவர் கூறுகிறார்: 'கடைக்குள் அமர்ந்து உண்ட 200 பேரிடம் கேட்டோம். 180 பேர் இருக்கை வசதி போதும் என்றனர். ஆகவே இருக்கைக் குறைவால் நாம் வாடிக்கையாளரை இழக்கவில்லை.' இதனைத் தளர்த்துவது எது?

(அ) கேட்கப்பட்டவர்களில் 20 பேர் இருக்கை போதாது என்றனர்.
(ஆ) பக்கத்துக் கடையில் இருக்கைகள் இதைவிடக் குறைவு.
(இ) மதிய வேளையில் வாசலில் நின்று பார்த்துவிட்டு, இடமில்லை என்று திரும்பிப் போவோர் நாள்தோறும் பலர்.
(ஈ) நாற்காலிகளின் விலை ஏறியுள்ளது.
(உ) உண்டவர்களில் பெரும்பாலோர் உணவின் சுவையைப் பாராட்டினர்.

வினா 2. துணிக்கடைக்காரர் ஒருவர் கூறுகிறார்: 'பெருநாளுக்கு முந்திய வாரம் 20 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தோம். விற்பனை அதற்கு முந்திய வாரத்தைப்போல் இரு மடங்காயிற்று. ஆகவே தள்ளுபடியே விற்பனையைப் பெருக்கியது.' இதனைத் தளர்த்துவது எது?

(அ) தள்ளுபடியால் ஒவ்வொரு துணியிலும் கிடைக்கும் லாபம் குறைந்தது.
(ஆ) அதே தெருவில் தள்ளுபடி கொடுக்காத துணிக்கடைகளிலும் அவ்வாரம் விற்பனை இரு மடங்காயிற்று.
(இ) தள்ளுபடியைக் கேள்விப்பட்டே வந்தோம் என்று வாடிக்கையாளர் பலர் கூறினர்.
(ஈ) சிலர் இன்னும் அதிகத் தள்ளுபடி கேட்டனர்.
(உ) சென்ற ஆண்டு 10 விழுக்காடே தள்ளுபடி கொடுக்கப்பட்டது.

விடைகள்: முதல் வினாவுக்கு (இ). கேட்கப்பட்டவர்கள் இடம் கிடைத்து உள்ளே அமர்ந்தவர்கள். இடம் கிடைக்காதவர்கள் கணக்கில் வரவே இல்லை. திரும்பாத விமானங்களை நினைவு கூர்க. (அ) அவரே சொன்ன எண்ணிக்கையின் மறுபக்கம்தான்.

இரண்டாவது வினாவுக்கு (ஆ). தள்ளுபடி இல்லாத இடத்திலும் அதே விளைவு உண்டென்றால், பெருநாளே காரணமாயிருக்கலாம். (அ) லாபத்தைப் பற்றியது; முடிவு விற்பனையைப் பற்றியது. (இ) வாதத்துக்குத் துணை நிற்பது.

பிள்ளைகள் முதலில் விடையை மறைத்து வைத்து முயலட்டும். தவறான நான்கையும் ஏன் தள்ளினோம் என்று வாய்விட்டுச் சொல்லட்டும். சரியான ஒன்றைத் தற்செயலாகவும் தொட்டுவிடலாம்; மற்ற நான்குக்கும் காரணம் சொல்லத் தெரிந்தவரே பாடத்தைக் கற்றவராவார்.